உங்கள் கூடத்தின் காற்றைச் சொல்லுங்கள்: மதுரை ஹோட்டல் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

19 ஜனவரி 2022

மதுரையில் ஹோட்டலும் மெஸ்ஸும் நடத்தும் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் முடிந்து ஊர் வேலைக்குத் திரும்பிவிட்டது. ஞாயிறு ஊரடங்கால் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டே ஒரு நாள் தள்ளி நடந்திருக்கிறது. தமிழ்நாட்டின் தினசரிக் கொரோனா தொற்று இருபதாயிரத்தைத் தாண்டி ஏறிக்கொண்டிருக்கிறது. இரவு பத்து மணிக்கு மேல் கடை கிடையாது, ஞாயிறன்று பார்சல் மட்டும், மற்ற நாட்களில் பாதி இருக்கைகளுக்கு அனுமதி. அனுமதி இருக்கிறது என்பதாலேயே குடும்பத்தோடு வந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிடலாமா? வீட்டுக்கு வீடு இந்தக் கேள்வி ஓடிக்கொண்டிருக்கிறது. இதற்கு விடை காண எங்களுக்குத் தேவையான தகவல் ஒன்றை உங்களில் யாரும் வெளியே எழுதி வைப்பதில்லை. உங்கள் சாப்பாட்டுக் கூடத்துக்குள் வெளிக்காற்று வருகிறதா, வந்தால் எவ்வளவு வருகிறது? இதைக் கேட்கவே இந்த மடல்.

உங்கள் தொழில் பட்ட பாட்டை அறிந்தே எழுதுகிறேன். 2020 மார்ச் 24 மாலை 6 மணிக்கு 144 தடை உத்தரவு வந்தது. ஜூன் 8 முதல் பாதி இருக்கைகளோடு திறந்துகொள்ளலாம் என்றார்கள். அந்த மாத இறுதியிலேயே மதுரையில் மீண்டும் முழு ஊரடங்கு. 2021 ஏப்ரல் 26 முதல் மறுபடி பார்சல் மட்டும். மே மாதத்தில் காலை 6 முதல் 10, மதியம் 12 முதல் 3, மாலை 6 முதல் 9 என்று அடுப்புக்கே நேரம் குறித்தார்கள். ஜூலை 5-ஆம் தேதிதான் ஆட்கள் மீண்டும் உள்ளே உட்கார்ந்தார்கள். இத்தனைக்கும் நடுவில் வாடகை ஓடியது, வங்கித் தவணை ஓடியது, ஊருக்குப் போன மாஸ்டர்கள் பலர் திரும்பவில்லை. எங்கள் தெருமுனையில் இருந்த மெஸ் இப்போது செல்போன் கடை. உங்கள் அடுப்பு அணையக் கூடாது என்று விரும்புகிறவன் நான். உங்கள் கூடத்துக்குள் நம்பி நுழைய வழி இருக்க வேண்டும் என்றும் விரும்புகிறேன்.

எங்கள் வீட்டு நிலையைச் சொல்லிவிடுகிறேன். தம்பிக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியிருக்கிறது. உடல் அதை ஒதுக்கிவிடாமலிருக்க அவன் தினமும் விழுங்கும் மாத்திரைகள் நோய் எதிர்ப்பாற்றலையும் சேர்த்தே அடக்கி வைக்கின்றன. இரண்டு தவணை தடுப்பூசி போட்டும் இப்படிப்பட்டவர்களில் பலருக்குப் போதிய பாதுகாப்பு உருவாவதில்லை. இம்மாதம் 10-ஆம் தேதி தொடங்கிய முன்னெச்சரிக்கைத் தவணை மருத்துவப் பணியாளர்களுக்கும் முன்களப் பணியாளர்களுக்கும் அறுபது வயதைக் கடந்து இணைநோய் உள்ளவர்களுக்கும்தான். தம்பிக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. என் மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். தடுப்பூசி 15 வயதுக்குக் கீழே இன்னும் இறங்கி வரவில்லை. இப்போது பரவும் ஓமிக்ரான் வகைக் கொரோனா சளி மாதிரி வந்து போய்விடும் என்று பலர் சொல்கிறார்கள், அவர்களில் பெரும்பாலோருக்கு அப்படித்தான் போகிறது. தம்பிக்கும் அப்படிப் போகும் என்று அவனுடைய மருத்துவர் உறுதி சொல்லவில்லை. ஆகவே நான் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறேன் என்பது அவனையும் கேட்டு எடுக்க வேண்டிய முடிவாகிவிட்டது.

பார்சல் வாங்கிக்கொள்ளலாமே என்பீர்கள். வாங்குகிறோம். முதல்வர் டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கிவைத்த பிறகு, வீட்டிலிருந்து தூக்குவாளி எடுத்துப்போய் சாம்பார் வாங்குகிறோம். அதைச் சிரித்த முகத்தோடு நிரப்பிக்கொடுக்கும் கடைக்காரர்களுக்கு இங்கேயே நன்றி சொல்லிவிடுகிறேன். ஆனால் கல்லிலிருந்து இறங்கிய ஒரு நிமிடத்துக்குள் இலைக்கு வர வேண்டிய தோசை, அலுமினியத் தாளுக்குள் தன் ஆவியிலேயே வெந்து வீடு வந்து சேரும்போது துணியாகிவிடுகிறது. புரோட்டாவும் சால்னாவும் பரவாயில்லை, ஊறினால் அதற்கொரு ருசி. காபியைப் பற்றிப் பேச வேண்டாம். சாப்பாட்டையும் தாண்டி ஒன்று இருக்கிறது. மாதம் முழுக்க அடுப்படியில் நிற்கும் ஒருத்தி, யாரோ பரிமாற, எழுந்திருக்காமல் ஒருவேளை சாப்பிடுகிறாள். என் அம்மாவுக்கு அது ஹோட்டலில்தான் கிடைத்திருக்கிறது. இரண்டு வருடமாக அதுவும் இல்லை.

அண்மையில் பார்சலுக்காக ஓர் ஏ.சி. ஹாலின் வாசலில் காத்து நின்றேன். எந்தக் கடை என்பது தேவையில்லை, ஊரில் பாதி ஏ.சி. ஹால்கள் அப்படித்தான் இருக்கின்றன. வாசலில் சீருடையோடு ஒருவர் நெற்றிக்கு நேராகத் துப்பாக்கியை நீட்டி வெப்பநிலை பார்த்தார். மேசையில் சானிடைசர் புட்டி. நோட்டில் பெயரும் எண்ணும். கண்ணாடிக் கதவில் ‘ஏ.சி. ஓடுகிறது, கதவை மூடவும்’ என்ற ஒட்டுத்தாள். உள்ளே ஒன்றுவிட்டு ஒரு மேசையில் சிவப்பு நாடா ஒட்டியிருந்தது. நாடா ஒட்டாத மேசைகளில் குடும்பம் குடும்பமாக, முகக்கவசம் தாடைக்கு இறங்கி, டிவியின் சத்தத்தை மீறிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஹாலின் பின்சுவரில் மூன்று பெரிய ஜன்னல்கள். ஏ.சி. போட்ட காலத்தில் அவற்றை பிளைவுட் வைத்து ஆணியடித்து மூடி, மேலே மீனாட்சியம்மன் கோயில் கோபுரத்தின் பெரிய படத்தை ஒட்டிவிட்டார்கள். மூலையில் ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தது. அதன் இறக்கைகளில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் திரண்டு, ஓடாமல் நின்றது. என் கையில் கரியமில வாயு அளக்கும் சிறு கருவி இருந்தது. வாசலுக்கு வெளியே 450-ஐ ஒட்டிக் காட்டியது. நெற்றியைக் காட்டி, கையைத் தேய்த்துக்கொண்டு உள்ளே போய்க் கல்லாவுக்கருகில் நின்றேன். பொட்டலம் கைக்கு வருவதற்குள் அது 1,500-ஐத் தாண்டியிருந்தது.

அந்த எண்ணை விளக்கிவிடுகிறேன். திறந்தவெளிக் காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 400 பங்கைச் சற்று மீறிக் கரியமில வாயு இருக்கிறது. நாம் வெளிவிடும் மூச்சில் அது நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பங்கு. மூடிய கூடத்தில் அந்த அளவு ஏறுகிறது என்றால், ஒருவர் விட்ட மூச்சு வெளியேறாமல் அங்கேயே தேங்குகிறது என்று பொருள். 1,500 என்பதைக் கணக்குப் போட்டால், நான் அங்கே இழுத்த ஒவ்வொரு நூறு மூச்சிலும் ஏறத்தாழ மூன்று மூச்சு மற்றவர்கள் விட்டது. இந்தக் கருவி கிருமியை அளக்காது. கூடத்தில் தொற்றுள்ளவர் இருந்தால் அவருடைய மூச்சு எவ்வளவு எனக்குள் போகும் என்பதை மட்டும் சொல்லும். முடிவெடுக்க எனக்கு அது போதும்.

வாசல் சடங்குகளில் நீங்கள் காட்டும் அக்கறையை நான் மதிக்கிறேன். சாப்பிடும் முன் கை கழுவுவது எந்தக் காலத்திலும் நல்லது. ஆனால் தொற்றுள்ள பரப்பைத் தொடுவதால் நோய் வரும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது. காய்ச்சல் வருவதற்கு முன்பே, சிலருக்குக் காய்ச்சலே வராமலும், இந்த நோய் அடுத்தவருக்குத் தாவுகிறது. நெற்றியில் நீட்டும் கருவிக்கு அவர்கள் அகப்படமாட்டார்கள். 2020 மார்ச்சில் ‘காற்றில் பரவாது’ என்று அடித்துச் சொன்ன உலக சுகாதார நிறுவனமே 2021-இல் காற்றில் மிதக்கும் நுண்துகள்கள் வழியாகப் பரவுவதை ஏற்றுக்கொண்டுவிட்டது. காற்றைப் பற்றி நமக்கு இன்று தெரிந்திருப்பதில் ஒரு பகுதியை ஹோட்டல்களில் கற்றுக்கொண்டோம் என்பதால், இரண்டு ஹோட்டல்களின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலாவது, சீனாவின் குவாங்சோவில். 2020 ஜனவரி 24, சீனப் புத்தாண்டுக்கு முந்தைய நாள். ஐந்து மாடிக் கட்டடம், ஜன்னல் கிடையாது, மூன்றாம் தளத்தில் ஒரே நேரத்தில் 83 பேர் சாப்பிடுகிறார்கள். முந்தைய நாள்தான் வூஹானிலிருந்து வந்த ஒரு குடும்பம் நடு மேசையில். இரு பக்கத்து மேசைகளிலும் வேறு இரு குடும்பங்கள், இடைவெளி ஏறத்தாழ ஒரு மீட்டர். ஒரு மேசைக்காரர்கள் அவர்களோடு ஒரே நேரத்தில் இருந்தது 53 நிமிடம், இன்னொரு மேசைக்காரர்கள் 73 நிமிடம். அந்த மூன்று குடும்பங்களில் மட்டும் 10 பேருக்கு நோய் வந்தது. அதே தளத்தில் மற்ற மேசைகளில் இருந்த 73 பேருக்கும் வரவில்லை, பரிமாறியவர்களுக்கும் வரவில்லை. அந்த மூன்று மேசைகளுக்கு நடுவே ஒரே ஏ.சி.யின் காற்று போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. எக்ஸாஸ்ட் விசிறிகள் ஓடவில்லை. பின்னர் அங்கே அளந்து பார்த்தவர்கள், ஓர் ஆளுக்கு நொடிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் வெளிக்காற்றுதான் வந்திருக்கிறது என்றார்கள். உலக சுகாதார நிறுவனம் இப்போது கேட்பது பத்து லிட்டர்.

இரண்டாவது, தென்கொரியாவின் ஜியோஞ்சு நகரில், 2020 ஜூன் 12. உள்ளே வந்த தொற்றாளருக்கும் ஒரு பள்ளி மாணவிக்கும் இடையே ஆறரை மீட்டர். இருவரும் ஒரே நேரத்தில் அந்த அறையில் இருந்தது ஐந்து நிமிடம். மாணவிக்கு நோய் வந்தது. கேமராப் பதிவைப் பார்த்து, ஏ.சி.யின் காற்றோட்டத்தை அளந்து, அந்தக் காற்று நேராக அவள் பக்கம் வீசியதைக் கண்டுபிடித்தார்கள். நீங்கள் ஒன்றுவிட்டு ஒரு மேசையில் ஒட்டும் சிவப்பு நாடாவால் அவளைக் காப்பாற்றியிருக்க முடியாது. அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்காவில் 314 பேரிடம் விசாரித்த ஆய்வில், நோய் வந்தவர்கள், வராதவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு அதிகமாக முந்தைய இரண்டு வாரங்களில் ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டிருந்தார்கள். கடை, அலுவலகம், பஸ் என்று மற்ற இடங்களில் இப்படிப்பட்ட வேறுபாடு தெரியவில்லை. காரணம் எளிது: மற்ற இடங்களில் முகக்கவசம் போடலாம், சாப்பிடும்போது போட முடியாது.

சாம்பிராணிப் புகையை நினைத்துப் பாருங்கள். பூஜையறையில் போட்டது கூடத்துக்கு வருகிறது, ஜன்னலைத் திறந்தால் போய்விடுகிறது, மூடினால் திரைச்சீலையில்கூடத் தங்குகிறது. பேசும்போது வெளியேறும் நுண்துகள்களும் அப்படியே நடந்துகொள்கின்றன. உரக்கப் பேசினால் இன்னும் அதிகம் வெளியேறுகின்றன.

ஏ.சி. என்றால் புதுக்காற்று என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏ.சி. வெளியிலிருந்து ஒரு துளிக் காற்றையும் கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருப்பதையே இழுத்து, குளிரவைத்து, திரும்ப அறைக்குள்ளேயே விடுகிறது. வெளியே மாட்டியிருக்கும் பெட்டி சூட்டை வெளியேற்றுகிறதே தவிரக் காற்றை மாற்றுவதில்லை. நம் அரசு இதை அறியாமல் இல்லை. 2020 ஜூன் 8-இல் ஹோட்டல்களைத் திறக்கச் சொன்னபோது தமிழக அரசு போட்ட நிபந்தனைகளில் இரண்டு: இருக்கை பாதி, ஏ.சி. கூடாது. அதே மாதம் 4-ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம் உணவகங்களுக்கு வெளியிட்ட நெறிமுறையில், ஏ.சி.யை 24 முதல் 30 டிகிரிக்குள் வைக்க வேண்டும், வெளிக்காற்றை இயன்ற அளவு உள்ளே எடுக்க வேண்டும், குறுக்குக் காற்றோட்டம் போதுமானதாக இருக்க வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. அதே தாளில் இருந்த சானிடைசரையும் வெப்பநிலைக் கருவியையும் நீங்கள் வாங்கிவிட்டீர்கள், ஏனென்றால் சோதனைக்கு வரும் அதிகாரி கேட்பது அவற்றைத்தான். காற்றைப் பற்றி எந்த அதிகாரியும் கேட்டதாகத் தெரியவில்லை. அந்தக் குறையில் உங்கள் பங்கைவிட அவர்களுடைய பங்கு பெரிது.

இன்னொரு விசித்திரத்தையும் சொல்ல வேண்டும். ஒரே அடுப்பில் வெந்த ஒரே பொங்கலுக்கு, ஏ.சி. ஹாலில் உட்கார்ந்தால் விலை கூடுதல். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது அரசும் ஏ.சி. உணவகத்துக்கு 18 சதவீதம், ஏ.சி. இல்லாததற்கு 12 சதவீதம் என்று வரி போட்டது. அந்த நவம்பரில்தான் இரண்டையும் 5 ஆக்கினார்கள். குளிரூட்டிய கூடம் உயர்ந்தது என்ற எண்ணம் நம் விலைப்பட்டியலிலேயே ஊறிக் கிடக்கிறது. தொற்றுக் காலத்தில் அது தலைகீழ். மாட்டுத்தாவணி பக்கம், முன்பக்கம் முழுக்கத் திறந்து, கல்லை வாசலில் வைத்து, தகரக் கூரைக்குக் கீழே பெஞ்சு போட்டிருக்கும் புரோட்டாக் கடையில் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகிறது. கல்லின் சூடே புகையை மேலே இழுத்துக்கொண்டு போகிறது. தம்பியை அழைத்துக்கொண்டு இன்று ஓரிடத்தில் உட்கார்ந்தாக வேண்டும் என்றால் அந்தப் பெஞ்சில்தான் உட்காருவேன், அதுவும் கூட்டமில்லாத நேரத்தில். கூடுதல் விலை கொடுத்துக் கண்ணாடிக் கதவுக்குள் போகமாட்டேன்.

நாம் இப்போது இருப்பது தை மாதம். சித்திரையில் ‘ஜன்னலைத் திறங்கள், ஏ.சி.யை நிறுத்துங்கள்’ என்று மதுரையில் யாராவது கேட்டால் நானே சிரிப்பேன். ஆனால் இந்த மாதத்தில் மாலை ஆறு மணிக்கு மேல் வைகைக் கரையில் குளிர்ந்த காற்று வீசுகிறது, வீட்டில் விசிறியையே குறைத்து வைக்கிறோம். வருடத்தில் ஏ.சி. இல்லாமல் ஒரு கூடத்தை நடத்த முடிகிற வாரங்கள் இவைதான், தொற்று உச்சத்துக்கு ஏறுகிற வாரங்களும் இவையே. பிளைவுட்டைக் கழற்றுங்கள். கோபுரப் படத்தை எதிர்ச்சுவரில் ஒட்டிக்கொள்ளலாம். எக்ஸாஸ்ட் ஃபேனைத் துடைத்து, கடை திறந்தது முதல் மூடும் வரை ஓடவிடுங்கள். கொசு வரும் என்றால் வலை அடியுங்கள், வலை வழியே காற்று வரும். ஏ.சி. போட்டே ஆக வேண்டிய மதிய நேரம் என்றால் ஜன்னலை ஒரு சாண் திறந்து வைத்துக்கொண்டு போடுங்கள். மின்கட்டணம் கொஞ்சம் ஏறும், அந்தக் கூடுதலைப் பில்லில் சேர்த்தால் நான் முணுமுணுக்காமல் கொடுப்பேன். மொட்டை மாடி இருப்பவர்கள் மேசைகளை மேலே ஏற்றுங்கள். முன்னால் வண்டி நிறுத்தும் இடம் இருப்பவர்கள் மாலையில் பாதி இடத்தில் மேசை போடுங்கள். அதற்கு மாநகராட்சி இடைஞ்சல் செய்தால் எழுதுங்கள், உங்களோடு சேர்ந்து நாங்களும் கையெழுத்துப் போடுகிறோம்.

இரவு ஊரடங்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நள்ளிரவிலும் இட்லி வேகும் ஊர் இது. ஒன்பது மணிக்கு மேல்தான் பாதி ஊர் சாப்பிடக் கிளம்பும். பத்து மணிக்குக் கடையடைக்க வேண்டும் என்றதும், ஐந்து மணி நேரத்தில் பரவி வர வேண்டிய கூட்டம் எட்டுக்கும் ஒன்பதரைக்கும் நடுவில் வந்து மோதுகிறது. பாதி இருக்கை என்ற விதியால் வாசலுக்குள்ளே ஒரு வரிசை நிற்கிறது. சாப்பிடுகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு ‘எப்போது எழுந்திருப்பார்கள்’ என்று பார்க்கிறார்கள். இதை நீங்கள் கேட்டு வாங்கவில்லை. ஆனாலும் காத்திருப்பவர்களைத் தெருவில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, டோக்கன் கொடுத்து, செல்போனில் கூப்பிட உங்களால் முடியும். எந்த நேரத்தில் கூட்டம் குறைவு என்று வாசலில் எழுதி வைக்கவும் முடியும். மாலை நான்கு மணிக்குக் கூடம் காலியாக இருக்கும் என்று தெரிந்தால், இரவுச் சாப்பாட்டை அந்த நேரத்துக்கு மாற்றிக்கொள்ள என்னைப் போன்றவர்கள் தயார்.

இதுவரை எழுதியது அடுப்பு இருக்கும் வீட்டிலிருந்து. வருவதா வேண்டாமா என்று யோசிக்க எங்களுக்கு வசதி இருக்கிறது. யோசிக்கவே இடமில்லாதவர்களுக்காகத்தான் இந்த மடலை எழுதத் துணிந்தேன்.

அரசு ராஜாஜி மருத்துவமனையைச் சுற்றியுள்ள கடைகளில் காலை ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள். சிவகங்கையிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் விருதுநகரிலிருந்தும் நோயாளியோடு வந்தவர்கள், இரவெல்லாம் வராந்தாவில் படுத்திருந்து, நான்கு இட்லிக்கு வருகிறார்கள். அவர்களுக்குச் சமைக்க இடமில்லை, பார்சல் வாங்கி உட்கார்ந்து சாப்பிடத் திண்ணையில்லை. அங்கே ஒரு மூடிய கூடத்தில் பிடித்த நோயை அவர்கள் நேராக ஒரு வார்டுக்குள் கொண்டுபோவார்கள். மேன்ஷனில் தங்கி வேலை தேடும் பையன்கள், ஜவுளிக் கடையில் பத்து மணி நேரம் நிற்கும் பெண்கள், லாரி ஓட்டுநர்கள், ஊர் ஊராகப் போகும் மருந்து விற்பனைப் பிரதிநிதிகள் எல்லோருக்கும் ஹோட்டல் என்பது மூன்று வேளைச் சோறு. ‘பயமாக இருந்தால் வராதீர்கள்’ என்று என்னிடம் சொல்லலாம். அவர்களிடம் சொல்ல முடியாது. கூடத்தின் காற்றைச் சரிசெய்தால் அது அவர்களில் ஒவ்வொருவருக்கும் கேட்காமலே கிடைக்கும்.

உங்கள் சர்வர்களையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் அரைமணியில் எழுந்து போய்விடுவேன். சாம்பார் வாளியோடு மேசைக்கு மேசை குனியும் அண்ணன் காலையிலிருந்து இரவு வரை அதே காற்றில் நிற்கிறார், முகக்கவசம் இல்லாத ஒவ்வொரு வாயின் முன்னாலும் நிற்கிறார். இரவு கடைக்கு மேலேயே ஓர் அறையில் பத்துப் பேரோடு படுக்கிறார். அந்த அறைக்கும் ஜன்னல் வேண்டும். அவருக்கு நீங்கள் கொடுக்கும் துணி முகக்கவசம் மதியத்துக்குள் நனைந்து மூக்குக்குக் கீழே இறங்கிவிடுகிறது; என்-95 வாங்கிக் கொடுங்கள், செலவு அதிகமில்லை. இருமல் வந்தால் அவர் ஏன் சொல்வதில்லை என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். சொன்னால் ஏழு நாள் சம்பளம் போகும், ஊருக்குப் பணம் அனுப்ப முடியாது. உடல்நலம் சரியில்லாத நாட்களுக்கும் சம்பளம் உண்டு என்று கடை முதலாளி எல்லோர் முன்னாலும் ஒருமுறை சொல்லிவிட்டால், வாசலில் நிற்கும் வெப்பநிலைத் துப்பாக்கியைவிட அது அதிகம் பேரைக் காப்பாற்றும்.

இனி நான் கேட்பது. உங்கள் வாசலில் விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் ஒரு பலகை வையுங்கள். இந்தக் கூடத்தில் எத்தனை ஜன்னல் திறந்திருக்கிறது, எத்தனை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறது, ஏ.சி. ஓடுகிறதா இல்லையா, இப்போது எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள். முடிந்தால் கரியமில வாயு அளவுமானி ஒன்றை வாங்கி வாடிக்கையாளர் கண்ணில் படும்படி மாட்டுங்கள். சில ஆயிரம் ரூபாய்தான் ஆகும். இந்தக் கூடங்களில் ஒரு வார இறுதியின் வருமானத்தில் அது எந்த மூலை? அடுப்படிக்கு அருகில் மட்டும் மாட்டாதீர்கள், கேஸ் அடுப்பு எரிவதாலும் அந்த எண் ஏறும். 800-க்குக் கீழே இருந்தால் நான் உள்ளே வருவேன். 1,000-ஐத் தாண்டினால் பார்சல் சொல்லிவிட்டு வெளியே நிற்பேன். எனக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் அது உதவும்: எண் ஏறும்போது இன்னொரு ஜன்னலைத் திறக்க வேண்டும் என்று மேலாளருக்கு யாரும் சொல்லாமலே தெரியும்.

இது நடக்காத காரியம் என்று நினைக்க வேண்டாம். பெல்ஜியத்தில் 2021 ஜூனில் உணவகங்களின் உள்கூடங்களைத் திறந்தபோது இந்த அளவுமானியை எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்றார்கள், 900 என்ற வரம்பையும் குறித்தார்கள். ஜப்பானின் ஃபுகுவோகா நகரில் ஒரு கறிச்சோற்றுக் கடைக்காரர், போன வருடம் ஜனவரியில், ‘பேசாமல் சாப்பிடுங்கள், பேசும்போது முகக்கவசம் அணியுங்கள்’ என்று ஒரு சுவரொட்டி வரைந்து தன் கடையில் ஒட்டினார். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று பொதுவில் வைத்தார். நாடு முழுக்கக் கடைகள் அதை எடுத்து ஒட்டின, பள்ளிகளும் எடுத்துக்கொண்டன. இதை ஓர் அரசாணை தொடங்கிவைக்கவில்லை. உங்களைப் போல் கடை நடத்தும் ஒருவர் தொடங்கிவைத்தார். சாப்பிடும்போது என்ன பேச்சு என்று நம் வீட்டுப் பெரியவர்கள் அதட்டி வளர்த்த பிள்ளைகள்தானே நாம்? டிவியை நிறுத்துங்கள், பாட்டை நிறுத்துங்கள். அதை மீறிக் கத்த வேண்டிய தேவை போய்விட்டால் பாதிப் பேச்சு தானாகவே அடங்கும்.

வரும் ஞாயிறும் ஊரடங்கு வரக்கூடும் என்கிறார்கள். வந்தால் அன்று பார்சல் மட்டும்தான், உங்கள் கூடம் நாள் முழுக்கக் காலியாகக் கிடக்கும். ஒரு தச்சரையும் ஓர் எலெக்ட்ரீஷியனையும் காலையிலேயே வரச் சொல்லுங்கள். ஆணிகளைப் பிடுங்கி ஜன்னல்களைத் திறக்க ஒரு மணி நேரம் ஆகும். எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவி மாட்ட இன்னொரு மணி நேரம். திங்கட்கிழமை காலை வாசலில் பலகை எழுதி வையுங்கள். என் வீடு அரசரடியில் இருக்கிறது. அந்தப் பலகையைப் படித்துவிட்டு, மாலை நான்கு மணிக்கு அம்மாவையும் மகளையும் அழைத்துக்கொண்டு வருகிறேன். தம்பியை அழைத்து வரலாமா என்பதை உங்கள் அளவுமானியைப் பார்த்து அவனுடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அரசரடியிலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருவன்